தண்ணீரில் இறங்காத இராயப்பர்

எங்கள் மீன்துறையான எஸ்கராலில் ஒருவனைத் திருடன் என்று சொல்வதற்குச் சாட்சி தேவையில்லை. காலையில் மீன் விற்கும் கல்மேடையில் ஒருத்தி மூக்கைச் சுளித்தால் போதும். மத்தியானம் குழம்பு இறங்குவதற்குள் அவன் திருடன். இது எனக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் அந்தக் கல்மேடையில் பாதி வாழ்நாள் மூக்கைச் சுளித்தவள் நான். பெயர் நோரின். மத்தி, நவரை, கணவாய் விற்பவள். சந்தேகம் எனக்குத் தாய்ப்பாலோடு வந்தது. என் புருஷன் எல்செயார் நேர்மாறு. தராசில் விரலை வைத்து அழுத்துகிறவனைப் பார்த்தால்கூட, "பாவம், அவனுக்குக் கை வலியோ என்னவோ" என்பான்.

அவனைத்தான் இராயப்பரை விற்றுத் தின்றவன் என்றார்கள்.

எங்கள் இராயப்பர், மீனவரைக் காக்கும் புனிதர், பெரிய கோவில்களில் சாவிக்கொத்தோடு நிமிர்ந்து நிற்கிறவர் இல்லை. என் மார்பு உயரத்துக்கு ஒரு மரச் சொரூபம். உடைந்த கப்பலின் பாய்மரத்தில் செதுக்கியது என்பார்கள். எந்தக் கப்பல், யார் செதுக்கினார் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. முந்நூறு வருஷம் பழையவர் என்பதில் மட்டும் எல்லாரும் ஒன்று. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதும் முந்நூறுதான், யுத்தம் முடிந்த பிறகும் முந்நூறுதான்.

ஜூன் கடைசியில் அவர் திருநாள். அன்று மீனவர் பஞ்சாயத்துத் தலைவரின் படகில் அவரை ஏற்றி, முனை தாண்டிக் கொண்டுபோய், இடுப்பில் கயிறு கட்டிக் கடலில் இறக்குவோம். முகம் வானத்தைப் பார்த்து மிதந்தால் அந்த வருஷம் வலை கனக்கும். குப்புறக் கவிழ்ந்தால் பட்டினி. கவிழ்ந்த வருஷங்களில் நாங்கள் அவரைத் திட்டுகிற திட்டு இருக்கிறதே, சாமியார் காதைப் பொத்திக்கொள்வார். திட்டுவதும் நாங்கள்தான், பிறகு துடைத்துக் கொண்டுவந்து படகுக்கு அடித்து மிச்சமான பெயின்டை அவருக்கும் பூசுவதும் நாங்கள்தான். நீலம் மிச்சமிருந்தால் நீல அங்கி, பச்சை மிச்சமிருந்தால் பச்சை. முகத்துக்கும் தாடிக்கும் வெள்ளை. கண்ணுக்குத் தார்.

அப்படிப் பூசிப் பூசி உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு திருநாளில் தண்ணீரிலிருந்து தூக்கும்போது அவருடைய வலது கால் கழன்று கையோடு வந்துவிட்டது. காலுக்குள் மரம் இல்லை, பூச்சி அரித்த தூள்தான். குலுக்கினால் உப்பு மாதிரி கொட்டியது. பெண்கள் ஓவென்று அழுதோம். அடுத்த மாதம் வந்த புதுச் சாமியார் நகரத்து மியூசியத்தில் பேசி, பழுது பார்த்துத் தருவதாக ஏற்பாடு செய்தார். யார் கொண்டுபோவது? இராயப்பரைத் துறையை விட்டு அனுப்பிய பாவம் தன் தலையில் விழுமோ என்று ஒருவரும் முன்னால் வரவில்லை. என் புருஷன் முன்னால் வந்தான். வேறு யார் வருவார்கள்?

பழைய பாய்த்துணியில் சுற்றிப் படகில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க, நகரத்துக்கு மீன் கொண்டுபோகும்போதெல்லாம் மியூசியப் பட்டறையில் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவான். வந்தால் அதே பேச்சுதான்.

"நோரி, நம்மாளுக்குத் தாடி கறுப்புடி. பெயின்டைச் சுரண்டச் சுரண்டக் கறுப்பா வருது. வயசும் ரொம்ப இல்ல. கையைப் பாத்தா நம்ம கையேதான். கயிறு இழுத்து இழுத்துக் கட்டைவிரல் முட்டு வீங்கியிருக்கு பாரு, இதே மாதிரி. செதுக்கினவன் நம்ம துறையில எவனையோ எதிர்ல நிக்கவச்சுத்தான் செதுக்கியிருக்கான்."

"சரி, சூப்பைக் குடி, ஆறுது" என்பேன்.

நான் அரைக் காதாகத்தான் கேட்டேன். என் மனசெல்லாம் வேறு ஒரு விஷயத்தில் கிடந்தது. அதே குளிர்காலத்தில் எங்கள் படகுக்கு ஒரு எஞ்சின் வந்திருந்தது. பழையதுதான், ஆனால் நல்ல எஞ்சின். எங்கேயிருந்து என்று கேட்டேன். ராணுவம் விட்டுப்போன சாமான் என்றான். பஞ்சாயத்துத் தலைவர் ஃபோர்த்துனே கேட்டபோது, நகரத்தில் ஒரு தெரிந்தவர் கொடுத்தார் என்றிருக்கிறான். பக்கத்து வீட்டு அப்பொலோனி கேட்டதற்கு, ஓட்டிப் பார்க்க வாங்கியிருக்கிறேன், பிடிக்காவிட்டால் திருப்பிவிடுவேன் என்றிருக்கிறான். மூன்று பேருக்கு மூன்று கதை. பொய் சொல்லத் தெரியாதவன் பொய் சொன்னால் இப்படித்தான். மூன்றும் கல்மேடைக்கு வந்து சேர்ந்தன.

மே மாதம் இராயப்பர் திரும்பி வந்தார். ஊரே துறையில் நின்றது. எல்செயார் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு பாய்த்துணியை அவிழ்த்தான்.

வெளுத்த தாடியும் தார்க் கண்ணும் எதிர்பார்த்திருந்த எங்களை, பழுப்பு மரத்தில் ஒரு கறுந்தாடிக்காரன் நிமிர்ந்து பார்த்தான்.

அப்பொலோனிதான் முதலில் வாயைத் திறந்தாள். "இது யாரு?"

"நம்மாளுதான்க்கா" என்றான் எல்செயார். "பெயின்ட் போச்சு, அவ்வளவுதான்."

"நம்மாளா? நம்மாளுக்கு இடது கன்னத்துல மரு உண்டே. எங்க?"

"வலது கன்னத்துல" என்றான் ஒருவன்.

"மருவே கிடையாது. அது பெயின்ட் கட்டி" என்றான் இன்னொருவன்.

"எங்கப்பாரு காலத்துல இவரு கொஞ்சம் மாறுகண்ணு. இந்தாளு நேரா பாக்குறான்."

"நேரா பாக்குறானா? என் பொண்டாட்டியையே பாக்குறான்!"

சிரிப்பு கிளம்பி அடங்கியது. ஃபோர்த்துனே மட்டும் சிரிக்கவில்லை. அவனைப்பற்றிச் சொல்லவேண்டும். கெட்டவன் இல்லை. யாரிடமும் ஒரு மீன் அதிகமாக எடுத்தவன் இல்லை. தன் சொந்த மைத்துனனுக்கே தண்டனை கொடுத்தவன். அதனால் அவன் சந்தேகப்பட்டால் ஊர் முழுக்கச் சந்தேகப்படும். அவன் சொரூபத்தைத் தட்டிப் பார்த்தான். பழையவரைத் தட்டினால் டொக்கென்று உள்ளே காலியாகக் கேட்கும். இவர் கனமாக, ஊமையாக இருந்தார். பிறகு நிமிர்ந்து என் புருஷனைப் பார்த்தான்.

"எல்செயார், உன் படகுல இருக்கிற எஞ்சின் ஏது?"

என் புருஷன் வாயைத் திறந்தான். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் வாயை மூடிக்கொண்டான். அந்தப் பார்வையை ஊரே பார்த்தது.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் நான் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டேன். "இப்பவாவது சொல்லு. எஞ்சின் யாரு குடுத்தா?"

"அதைக் கேக்காத நோரி."

"ஊரே கேக்குது, பொண்டாட்டி கேக்கக்கூடாதா?"

"நீ கேக்கவே கூடாது" என்றான், எழுந்து போய்விட்டான்.

அதற்குமேல் நான் என்ன நினைப்பேன்? நீங்களாயிருந்தால் என்ன நினைப்பீர்கள்? எனக்கு அந்த எஞ்சினைப் பார்க்கும்போதெல்லாம் இராயப்பரின் கழன்ற கால்தான் நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஞ்சாயத்து கூடியது. எங்கள் பஞ்சாயத்தில் வக்கீல் கிடையாது, எழுத்து கிடையாது, நாளைக்கு வா என்பது கிடையாது. மூன்று பேர் பெஞ்சில் உட்காருவார்கள். கேட்பார்கள். அன்றைக்கே தீர்ப்பு. ராஜாக்கள் காலத்திலிருந்து இப்படித்தான், ராஜாக்கள் போனார்கள், பெஞ்சு இருக்கிறது. குற்றம் உறுதியானால் படகும் வலையும் பறிபோகும். மீன்பிடிக்கும் இடங்களை வருஷா வருஷம் குலுக்கிப் போட்டுப் பிரிப்போம், பாடு குலுக்கல். அதிலிருந்து அவன் பெயரும் போய்விடும். பாடு இல்லாதவன் எஸ்கராலில் இருக்க முடியாது.

சாமியாரைக் கேட்டார்கள். பாவம், அவர் பழைய இராயப்பரை ஒரே ஒரு மாதம்தான் பார்த்திருக்கிறார், அதுவும் ஒற்றைக் காலோடு. "எனக்கு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை" என்றார். கோவிலில் இருந்த பழைய போட்டோவைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு வெள்ளை முகம், வெள்ளைத் தாடி, வேறு எதுவும் தெரியவில்லை.

"மியூசியக்காரரைக் கூப்பிடுங்க, அவர் சொல்லுவார்" என்றான் எல்செயார்.

"ஆமா, வாங்கினவனே வந்து நான் வாங்கலன்னு சொல்லுவான், நாங்க தலையாட்டணும்" என்றாள் அப்பொலோனி கூட்டத்திலிருந்து.

ஃபோர்த்துனே கையை உயர்த்தினான். "ஆளுக்கொண்ணு பேச வேணாம். முந்நூறு வருஷமா அவரு கடல்ல மிதந்தவரு. கடலுக்கு அவரைத் தெரியும். கொண்டுபோய் இறக்குவோம். மிதந்தா நம்மாளு, எல்செயார்கிட்ட நான் மன்னிப்பு கேக்குறேன். மூழ்கினா பொம்மை."

எல்லாரும் சரி என்றார்கள். நானும் மனசுக்குள் சரி என்றேன். அப்போதுதான் எல்செயார் எழுந்தான், முகம் வெளுத்துப்போய்.

"அண்ணே, தண்ணியில மட்டும் இறக்காதீங்க. உள்ள பூராவும் பூச்சி தின்னுடுச்சு. அதைச் சுரண்டி எடுத்துட்டு ஏதோ மாவு, பசை எல்லாம் நிரப்பியிருக்காங்க. அந்தக் கனத்துக்கு மூழ்கிடுவாரு. தண்ணி பட்டா பசை விட்டுடும், கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போயிடும். மியூசியக்காரர் என்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. இனிமே அவரு கடலுக்குப் போற ஆளு இல்லண்ணே."

கூட்டத்தில் ஒரு முனகல் ஓடியது. ஃபோர்த்துனே மெதுவாகத் தலையாட்டினான்.

"மூழ்கும்னு உனக்கு முன்னாடியே தெரியுது."

"தெரியும்ணே, அதான் சொல்றேன்..."

"அது போதும்" என்றான் ஃபோர்த்துனே. "படகை எடுங்க."

அவன் வாயாலேயே மாட்டிக்கொண்டான் என்று என் காதுபடச் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. மூழ்கும் என்று தெரிந்த இராயப்பர் எப்படி இராயப்பர் ஆவார்?

காற்று இல்லாத நாள். ஃபோர்த்துனேயின் படகில் வலைக்குவியல் மேல் இராயப்பரைப் படுக்க வைத்திருந்தார்கள். ஊர்ப் படகெல்லாம் பின்னால் போனது. எங்கள் படகில் எல்செயாரும் நானும் மட்டும். முனை தாண்டி, அடி தெரியாத நீலம் வந்ததும் படகுகள் வட்டமாக நின்றன. ஒருவன் வழக்கம்போல இடுப்பில் கட்டக் கயிற்றை எடுத்தான். ஃபோர்த்துனே தடுத்துவிட்டான்.

"கயிறு எதுக்கு? நம்மாளா இருந்தா மிதப்பாரு. பொம்மையா இருந்தா போய்த் தொலையட்டும்."

இரண்டு பேர் சொரூபத்தைத் தலையிலும் காலிலும் பிடித்துத் தூக்கினார்கள். அந்த நேரம் எல்செயார் சுக்கானை என் கையில் திணித்துவிட்டு அந்தப் படகுக்குத் தாவினான். இராயப்பரை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"விடுங்க! விடுங்கண்ணே! நான்தான் வித்தேன்."

ஃபோர்த்துனே கையை உயர்த்தித் தூக்கியவர்களை நிறுத்தினான்.

"என்ன சொன்ன?" என்றான் ஃபோர்த்துனே.

"நிஜ இராயப்பரை வித்துட்டேன். இது பொம்மை. இதைப் போட்டு என்ன ஆகப்போகுது? கீழ வைங்க."

"யாருக்கு வித்த?"

"நகரத்துல ஒருத்தனுக்கு. பேரு தெரியாது."

"எஞ்சின்?"

"அதுல வந்ததுதான்."

ஃபோர்த்துனே தொப்பியைச் சரிசெய்து மாட்டிக்கொண்டான். தீர்ப்புச் சொல்லும்போது தொப்பி நேராக இருக்கவேண்டும். "சட்டம் உன்னைக் குற்றவாளின்னு சொல்லுது" என்றான். எங்கள் பஞ்சாயத்துத் தீர்ப்பு அந்த ஒரு வரிதான், அதற்குமேல் ஒரு சொல் கிடையாது.

"இந்தப் பொம்மையை என்ன பண்றது தலைவரே?" என்று பிடித்திருந்தவன் கேட்டான்.

"அவன்கிட்டயே குடு. சாகுற வரைக்கும் பாத்துட்டிருக்கட்டும்."

நான் சுக்கானைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எல்லாப் படகிலிருந்தும் என்னைப் பார்த்தார்கள். அவனைப் பிடித்து அந்த நீலத்திலேயே தள்ளிவிடலாம் போல இருந்தது எனக்கு. அவமானத்தில் உடம்பு எரிந்தது.

மறுநாள் காலை ஒரு தள்ளுவண்டியில் படுக்கை, பாத்திரம், பாய்த்துணியில் சுற்றிய அந்தப் பொம்மை, இவற்றோடு மேட்டுச் சாலைக்கு ஏறினோம். படகு, எஞ்சின், வலை எல்லாம் துறையில் நின்றுவிட்டன. அப்பொலோனி ஜன்னலைச் சாத்திக்கொண்டு இடுக்கு வழியாகப் பார்த்தாள். ஊர் கண்ணுக்கு மறைந்ததும் நான் வண்டியைக் காலால் உதைத்தேன்.

"எவன்கிட்டடா வித்த? சொல்லு! நான் போய் அவன் சட்டையைப் பிடிச்சு நம்மாளை வாங்கிட்டு வரேன்."

"மெதுவா நோரி. அவருக்கு அடிபடும்."

"எவருக்கு?"

"வண்டியில இருக்கிறவருக்கு. நம்மாளுதான் இவரு. நான் எதையும் விக்கல."

"நேத்து ஊர் முன்னால வித்தேன்னியே!"

"வேற என்ன பண்ணச் சொல்ற? கயிறுகூடக் கட்டல. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தா அடியில போயிருப்பாரு. நிஜத்தைச் சொன்னேன், சொல்லச் சொல்லத் திருடன் ஆனேன். சரி, திருடன்னே வச்சுக்கட்டும், ஆளையாவது காப்பாத்துவோம்னு பாத்தேன்."

"அப்போ எஞ்சின்? அது வானத்துலேருந்து விழுந்துச்சா?"

அவன் வண்டியை நிறுத்தினான். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தூரத்தில் எதையோ பார்த்தான்.

"உன் அண்ணன் குடுத்தான்."

நான் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். என் அண்ணன் தூசான், கப்ரோல் துறையில் இருப்பவன். எங்கள் அம்மாவைப் புதைக்கிற அன்று சூரைமீன் கூட்டம் வந்திருக்கிறது என்று கடலுக்குப் போனவன். இனி அவன் கையால் ஒரு முள்ளைக்கூட வாங்கமாட்டேன், அவன் கொடுத்தது எதாவது என் வாசல் தாண்டினால் நான் அதே வாசலில் வெளியே போவேன் என்று சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்திருந்தேன். எல்செயாருக்கு என் சத்தியம் தெரியும், என் வாயும் தெரியும்.

"ஊர் முன்னால அவன் பேரைச் சொன்னா, நீ அங்கேயே என்னை விட்டுட்டுப் போயிருப்ப" என்றான்.

"திருடனாவே இருந்து தொலைச்சிருக்கலாம்யா நீ" என்று அழுதேன்.

போக்கிடம் வேறு இல்லை. அவன் என்னை அழைத்துப்போனதும் கப்ரோலுக்குத்தான். தூசான் வாசலில் நின்றான். வண்டியின் கைப்பிடியை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தான். அவன் கிழப் படகின் எஞ்சின்தான் அது என்று அவன் மனைவி சொன்னாள். நான் நம்பவில்லை. நான் யார்? அடுத்த வாரமே பஸ் ஏறி நகரத்துக்குப் போய் அந்த மியூசியக்காரரைப் பிடித்தேன். வெர்தோல் என்று ஒரு கண்ணாடிக்காரர். நான் கத்திய கத்தலுக்கு அவர் என்னை வெளியே தள்ளியிருக்கலாம். தள்ளாமல் பட்டறைக்குள் கூட்டிப்போய்ப் போட்டோக்களை மேசையில் பரப்பினார். முதலில் எங்கள் வெள்ளைத் தாடி. பிறகு பாதி முகம் பச்சை, பாதி நீலம். பிறகு ஒரு கன்னத்தில் மட்டும் பழுப்பு மரம். கடைசியில் வண்டியில் வந்த கறுந்தாடி. இரண்டு கண்ணுக்கும் நடுவில் ஓடும் ஒரு விரிசல் முதல் படத்திலும் இருந்தது, கடைசிப் படத்திலும் இருந்தது.

"தண்ணீரில் விட்டால்?" என்று கேட்டேன்.

"கல் மாதிரி போவார் அம்மா. மேலே எடுத்தாலும் துண்டு துண்டாகத்தான் வருவார்."

நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் துடைத்தார். நானே எஸ்கராலுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றார். போங்கள், உங்களையும் திருடன் என்பார்கள் என்றேன்.

கப்ரோலில் மூன்று வருஷம் ஓடியது. எல்செயார் அண்ணன் படகில் கூலிக்குப் போனான். இராயப்பர் எங்கள் அடுக்களையில், ஈரம் படாமல், அடுப்புக்கும் ஜன்னலுக்கும் தள்ளி நின்றார். அங்கேயும் நான் மீன் விற்றேன், ஆனால் கடைசி மூலையில். செய்திக்குக் கால் உண்டு. "சாமியை வித்தவன் பொண்டாட்டி" என்று பின்னால் சொல்வார்கள். மீனைக் கையில் எடுத்து, முகர்ந்து, திருப்பி வைத்துவிட்டுப் போவார்கள். எனக்கு எஸ்கரால் கல்மேடையில் என் இடம் வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதைவிட, என் புருஷன் அந்தத் துறையில் தலை நிமிர்ந்து நடப்பதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். பார்த்துவிட்டால் அப்புறம் செத்தாலும் பரவாயில்லை என்று இருந்தேன்.

அப்படி இருந்தபோதுதான் ஒரு மத்தியானம் ஃபோர்த்துனே எங்கள் வாசலில் வந்து நின்றான். தொப்பி கையில் இருந்தது. மூப்பு தட்டியிருந்தான்.

எல்செயார் நாற்காலி எடுத்துப் போட்டான். நான் காபி ஊற்றினேன், சர்க்கரை வைக்கவில்லை.

"அந்தக் கண்ணாடிக்காரர் வந்தாரு" என்றான் ஃபோர்த்துனே. "முதல் தடவை துரத்திட்டோம். போன மாசம் மறுபடி வந்தாரு, போட்டோவெல்லாம் கொண்டுவந்து கோவில்லயே ஒட்டி வச்சுட்டுப் போனாரு. ஜனங்க பாத்தாங்க. அப்பொலோனி அழுதா." அவன் ஓரக்கண்ணால் அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தான். இராயப்பரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்க கடையிலேருந்து ஒருத்தரை வாங்கினோம். சுண்ணாம்புச் சொரூபம். முதல் திருநாள்லயே மூக்கு கரைஞ்சுபோச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"எல்செயார், உன் படகை யாரும் தொடல. கரையில அப்படியே கெடக்கு. பாடு குலுக்கல்ல உன் பேரைத் திரும்பப் போடுறோம். பஞ்சாயத்து முன்னால தொப்பியைக் கழட்டி நானே மன்னிப்பு கேக்குறேன். அவரைக் கூட்டிட்டு ஊருக்கு வாங்க."

மறுபடி காபி ஊற்றப்போய் மேசையில் ஊற்றிவிட்டேன். மூன்று வருஷமாக நான் கேட்க விரும்பிய வார்த்தைகள், ஒன்றுகூடக் குறையவில்லை. எல்செயார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வருகிறோம் என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். அப்போது என் கூடப் பிறந்த சந்தேகச் சனியன் உள்ளே முழித்துக்கொண்டது.

"வந்தா அவரு கோவில்லயேதான இருப்பாரு? ஈரம் படாம?"

"கோவில்லதான். திருநாளைக்கு மட்டும்..."

"திருநாளைக்கு மட்டும்?"

"ஒரே ஒரு முக்கு தங்கச்சி. கயிறு கெட்டியா கட்டுவோம், இந்தத் தடவை ரெண்டு கயிறு. அதுகூட இல்லாம திருநாளா? அவரு முகம் எப்படி மிதக்குதுன்னு பாக்காம ஜனங்க வலையை எடுக்குமா?"

"மிதக்கமாட்டாரு, மூழ்குவாருன்னு அந்தக் கண்ணாடிக்காரர் சொல்லலையா?"

"சொன்னாரு."

"நீ நம்புறியா?"

"நம்புறேன்." தொப்பியை இரண்டு கையாலும் திருகினான். "போட்டோவைப் பாத்தேனே, நம்பாம என்ன. ஆனா ஒரு தடவை தண்ணியில பாத்துட்டா மனசு ஆறிடும். எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்."

"மூழ்கினா?"

ஃபோர்த்துனே என்ன இருந்தாலும் நல்ல மனிதன், அவனுக்குப் பொய் சொல்ல வராது.

"மூழ்கினா, நம்மாளு இல்லன்னு ஆயிடும்ல" என்றான்.

எல்செயார் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். உன் இஷ்டம் நோரி, நீ போகணும்னா போகலாம் என்று அந்தக் கண் சொன்னது. போகலாம் என்று நான் சொன்னால் வண்டியைக்கூட அவனே தள்ளிக்கொண்டு வருவான்.

நான் காபிக் குவளையை ஃபோர்த்துனேயின் முன்னாலிருந்து எடுத்துவிட்டேன்.

"அண்ணே, உனக்குத்தான் வீணா பஸ் செலவு. இது பொம்மை."

"தங்கச்சி..."

"பொம்மைன்னு சொல்றேன்ல? கண்ணாடிக்காரரும் இவரும் கூட்டு. போட்டோ என்ன, எதை வேணாலும் பண்ணுவாங்க. நிஜ ஆளை இவரு வித்துட்டாரு, அதுல எஞ்சின் வாங்கினாரு. அன்னைக்கே கடல்ல நின்னு ஊர் முன்னால சொல்லலையா? சட்டம் சொல்லியாச்சு. நீதான் சொன்ன. எழுந்திரு."

அவன் எல்செயாரைப் பார்த்தான். "நீ சொல்லு தம்பி. உன் வாயால சொல்லு."

"அவரை என்ன கேக்குற? திருடன் உண்மையா பேசப்போறான்? நான் பொண்டாட்டி, எனக்குத் தெரியாதா? என் புருஷன் திருடன். போய் ஊர்ல சொல்லு."

ஃபோர்த்துனே எழுந்தான். வாசலில் ஒரு கணம் நின்று இராயப்பரைத் திரும்பிப் பார்த்தான். அவன் கண்ணில் அந்தப் பழைய சந்தேகம் மெல்ல வந்து உட்கார்ந்தது, நான் பார்த்தேன். தொப்பியை மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கிப் போனான்.

நான் கதவைச் சாத்திவிட்டு அப்படியே அதில் சாய்ந்து நின்றேன். எஸ்கரால் போயிற்று, இனி ஒருநாளும் இல்லை என்று தெரிந்தது. அழுகை வந்தது, அழுதேன்.

"நோரி" என்றான் எல்செயார். "என்னைத் திருடன்னுட்டியே."

"ஆமா சொன்னேன். நாளைக்கு எவனாவது வந்து கேட்டா நாளைக்கும் சொல்லுவேன்" என்றேன். "மேசையில காபி சிந்திக் கிடக்கு பாரு. அவரு மேல படறதுக்குள்ள துடை."